ஷாட்டும் ஷார்ட்டும்

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அப்படிப்பட்டவனுக்கு ஜூரோங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேலை கொடுத்திருந்தார்கள். உருகிய பிளாஸ்டிக்கை மோல்டுக்குள், அதாவது அச்சுக்குள், எவ்வளவு வேகமாகச் செலுத்த வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். நாங்கள் செய்தது ரத்தப் பரிசோதனைக்கான மெல்லிய குழாய்கள். மெதுவாகப் போனால் கடைசி வரை போய்ச் சேருவதற்குள் பிளாஸ்டிக் உறைந்துவிடும். வேகமாகப் போனால் உள்ளே சிக்கிய காற்று குழாயின் நுனியைக் கருக்கிவிடும். இன்னும் வேகமாகப் போனால் குழாய்க்கு உட்துளை தருகிற நீண்ட இரும்பு ஊசிகள் வளைந்துவிடும். அதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன், ஏனென்றால் மோல்டு எங்களுடையது அல்ல, வாடிக்கையாளருடையது.

"ஊசி வளைஞ்சா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகணும் தம்பி. நீ சாங்கிக்குப் போய் பிளேன் ஏறணும், நான் எம்ஆர்டி ரயில் ஏறணும், அவ்ளோதான் லா," என்பார் எங்கள் ஷிஃப்டுக்குப் பொறுப்பான அக்கா. அவர் சிராங்கூனில் பிறந்து வளர்ந்தவர். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், எனக்குச் சிரிப்பு வராது. என் வேலை பெர்மிட்டை நம்பி ஊரில் ஒரு வீடே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் தளத்தில் இரண்டு சொற்கள் உண்டு. ஒருமுறை பிளாஸ்டிக் செலுத்தினால் அது ஒரு ஷாட். மோல்டு நிறையாமல் அரைகுறையாக வருகிற குழாய் ஷார்ட். எழுதினால் வித்தியாசம் தெரியும். எங்கள் வாயில் இரண்டுமே ஷாட்டுதான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, அக்காவுக்கு விடுமுறை. காலையிலிருந்து ஒழுங்காக ஓடிய மெஷின் திடீரென்று அரைக் குழாய்களாகத் தள்ள ஆரம்பித்தது. அவரைக் கேட்காமல் வேகத்தில் கைவைக்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆபீஸ் அறையிலிருந்த போனில் கூப்பிட்டேன். அவர் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"அக்கா, ஷார்ட் வருது. நிக்கவே மாட்டேங்குது," என்றேன்.

"நல்லதுதானே லா. நிக்காம ஓடுதுல்ல? ஸ்பீட இன்னும் கொஞ்சம் ஏத்து."

"ஏத்தணுமா அக்கா?"

"ஏத்து தம்பி, பயப்படாத," என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

அரைக் குழாய் வருவது எப்படி நல்லதாகும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் எனக்குப் புரியாதது அக்காவுக்குப் புரிந்திருக்கும் என்று நினைத்தேன். வேகத்தை ஏற்றினேன். மெஷின் முனகியது. வந்த குழாய்கள் முன்பைவிடக் குட்டையாக இருந்தன. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். அதன்பிறகு குழாயே வரவில்லை, மெஷின் மட்டும் முக்கிக்கொண்டிருந்தது. இடியாப்ப உரலில் ஓட்டை அடைத்திருப்பது தெரியாமல் அழுத்திக்கொண்டே இருப்பதுபோல நான் அழுத்தியிருக்கிறேன். அது அப்போது மண்டையில் ஏறவில்லை. ஊசி வளைந்துவிட்டது, பெர்மிட் போச்சு, இவ்வளவுதான் மனதில் ஓடியது.

மெஷினை நிறுத்தினேன். பிளாஸ்டிக் வெளியே வருகிற முனையை நாங்கள் மூக்கு என்போம். அதை மோல்டிலிருந்து பின்னால் இழுத்து, அதை மறைத்திருந்த மூடியைத் திறந்து, குனிந்து பார்த்தேன். மூக்கில் ஒரு துணுக்கு உறைந்துபோய் அடைத்திருந்தது. அதற்குப் பின்னால் நான் ஏற்றி வைத்த அழுத்தம் அத்தனையும் காத்துக்கொண்டிருந்தது. டப் என்று ஒரு சத்தம். வலது கன்னத்தில் சுளீர் என்றது. பாதுகாப்புக் கண்ணாடிக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாகிவிட்டது.

பக்கத்து மெஷின்காரர் என்னை இழுத்துக்கொண்டுபோய்க் தண்ணீர்க் குழாயைத் திறந்து கன்னத்தில் ஓடவிட்டார். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். வலது கண்ணை மறைத்த இடத்தில் பிளாஸ்டிக் ஒரு கட்டியாக உறைந்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தும் எனக்குப் பயம் வரவில்லை, மோல்டு பயம் வேறெதற்கும் இடம் விடவில்லை. ஈர முகத்தோடு ஓடிப்போய் டார்ச் அடித்து ஊசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் நேராக இருந்தன. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா வந்தபோது நான் அப்படியே இருந்தேன். மீன் பையோடு டாக்ஸியில் வந்திருந்தார். "பஸ் ஏறுன அப்புறம்தான் உறைச்சுச்சு, உடனே எறங்கி டாக்ஸி புடிச்சேன். ஷார்ட்டுன்னுதான் சொல்லியிருக்க, நான் ஷாட்டுன்னு நெனச்சுட்டேன். எத்தன தடவ போன் அடிச்சேன், யாரும் எடுக்கலயே," என்றார். அதற்குள் என் கன்னத்தையும் கண்ணாடியையும் பார்த்துவிட்டார். முகம் வெளுத்துப்போனது.

"மோல்டுக்கு ஒண்ணும் ஆகலக்கா. ஊசியெல்லாம் நேரா இருக்கு," என்றேன்.

அவர் மோல்டு பக்கம் திரும்பவே இல்லை. என் முன்னால் மண்டியிட்டு, "எத்தன?" என்று கேட்டார்.

"நெறய அக்கா. எல்லாமே ஷார்ட்டுதான்."

"டேய், என் வெரல் எத்தனன்னு கேக்குறேன்."

அப்போதுதான் என் முகத்துக்கு நேரே அவர் விரல்களை நீட்டியிருந்ததைக் கவனித்தேன். இரண்டா மூன்றா என்று தெரியவில்லை. ஒன்றோடு ஒன்று கலங்கித் தெரிந்தன. கண் போய்விட்டது என்றே நினைத்தேன். அன்று முதல்முறையாக எனக்காக நான் பயந்தேன்.

கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் கைதான் அப்படி நடுங்கிக்கொண்டிருந்தது.