மச்சாளின் பெயர் ஒட்டிய போத்தல்

கடவுள் எனக்கு அனுப்பிய உதவியை நான் முதலில் தண்டனை என்று நினைத்தேன். அதற்கும் முன்பு, ஏமாற்று வேலை என்று நினைத்தேன். நம் ஆலயப் பங்கில் பலருக்கு இந்தக் கதையின் நடுப்பகுதி தெரியும். தொடக்கமும் முடிவும் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். மலம், இரத்தம் என்ற சொற்கள் இல்லாமல் இதைச் சொல்ல வழியில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முப்பத்துமூன்று வயது. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிறோம். கணவர் அன்ரன் நிலாவெளியில் படகு ஓட்டுகிறார். நான் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். மூத்தவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு இரண்டு. அன்ரனின் அக்கா திரேசா மச்சாள் எங்களோடு இருக்கிறார். ஐம்பத்தாறு வயது, கலியாணம் செய்யவில்லை. தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்தவர், இப்போது என் பிள்ளைகளையும் வளர்க்கிறார்.

என் அப்பா கிளிவெட்டியில் நாற்பத்தெட்டு வயதில் இறந்தார். மூலம் முற்றிப்போனது என்று சொன்னார்கள். எனக்கு அப்போது பதினான்கு வயது. நான் தாயான நாளிலிருந்து செபமாலை முடிவில் ஒரே மன்றாட்டைத்தான் சொல்லி வந்தேன். "பிள்ளைகள் வளருமட்டும் என்னை வைத்திரும், ஆண்டவரே." சின்னவள் பிறந்த பிறகு எப்போதாவது மலத்தோடு இரத்தம் கண்டேன். பிள்ளைப்பேற்றால் வந்த மூலம் என்று நானே முடிவு செய்தேன். அன்ரனுக்கும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

சென்ற வருடம் செபமாலை மாதமான ஒக்டோபரில், ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு தாதி பங்கு மண்டபத்தில் எங்களோடு கதைத்தார். பெருங்குடலில் வரும் புற்றுநோய் பல வருடம் சத்தமில்லாமல் வளரும் என்றார். அது பெரும்பாலும் ஒரு சிறிய தசை வளர்ச்சியாகத்தான் தொடங்குமாம். அந்த நேரத்தில் கண்டால் எடுத்துவிடலாமாம். ஐம்பது வயது கடந்தவர்களுக்கு ஒரு சின்னப் போத்தல் தந்தார். மூடியிலேயே ஒரு குச்சி இருந்தது. அதை மலத்தில் சில இடங்களில் குத்தி, போத்தலுக்குள் விட்டு, மூடிக் கொடுத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருந்தாலும் காட்டுமாம். இலவசம் என்றார்.

அந்தக் கடைசிச் சொல்லில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. எனக்கு மட்டும் இல்லை. படகு எஞ்சின் திருத்தும் பேதுரு அண்ணை எழும்பினார்.

"ஏன் மிஸ், எங்கட ஆக்களிட்ட மட்டும் வந்தனீங்கள்? மற்ற இடங்களில ஒருத்தரும் குடுக்கேல்லையோ?"

"எல்லா இடத்துக்கும்தான் போறம், அண்ணை."

"இதை வெளிநாட்டுக்கு அனுப்புறீங்கள் எண்டு கதை."

"வெளிநாட்டில இல்லாத சாமானோ அண்ணை இது?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் நம்பவில்லை. எங்கள் மலத்தை வைத்து என்ன செய்யப்போகிறார்கள்? நோய், வருத்தம் என்று சொல்லிப் பயப்படுத்தி, எதையாவது வெட்டுவார்களா? எங்கள் பெயர்களை யாருக்குக் கொடுப்பார்கள்? இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட நான் எழும்பிக் கேட்கவில்லை. மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அது என் பழக்கம்.

எங்கள் பகுதிக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியத்துக்கு நான்தான் செயலாளர். அதனால் எங்கள் பகுதியின் பதினொரு போத்தல்களும் என் பொறுப்பில் வந்தன. அடுத்த ஞாயிறு திருப்பிக் கொடுக்க வேண்டும். அவற்றில் ஒன்றில் திரேசா மச்சாளின் பெயர் ஒட்டியிருந்தது.

அந்தக் கிழமைதான் மாதாவின் சிலை, எங்கள் சுருவம், எங்கள் வீட்டுக்கு வந்தது. செபமாலை மாதத்தில் சுருவம் வீடு வீடாகப் போவதும் ஒவ்வொரு வீட்டிலும் மூன்று நாள் தங்குவதும் உங்களுக்குத் தெரிந்ததே. அந்த மூன்று நாளும் மச்சாள் மீன்கூடச் சமைக்க மாட்டார். நான் போத்தலை நீட்டியதும் அவர் இரண்டடி பின்னுக்குப் போனார்.

"மாதா இருக்கிற வீட்டுக்குள்ள உந்த ஊத்தையைப் போத்தில்ல போட்டு வைக்கிறதோ? ஏலாது, பிள்ளை."

"ஞாயிற்றுக்கிழமை குடுக்கோணும் மச்சாள்."

"அப்ப குடுக்காத. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இருந்தா மாதாவுக்குத் தெரியும்தானே."

சனிக்கிழமை மற்றப் பத்துப் போத்தல்களும் வந்துவிட்டன. செயலாளரின் வீட்டிலிருந்து மட்டும் வெறும் போத்தல் போவதா? ஊரைக் கேட்டு வாங்கியவள் தன் வீட்டில் வாங்கவில்லை என்று சொல்வார்களே. அடுத்த நாள் காலை, மச்சாளின் போத்தலை எடுத்துக்கொண்டு நானே மலசலகூடத்துக்குப் போனேன். எனக்கு வயது குறைவு. அந்த மாதம் கண்ணில் இரத்தமும் படவில்லை. ஒன்றுமில்லை என்று முடிவு வரும், மச்சாளுக்கும் நல்ல பெயர், எனக்கும் நல்ல பெயர் என்று கணக்குப் போட்டேன். போத்தலைப் பால்மாத் தகரப் பேணிக்குள் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போகுமுன் சுருவத்தின் முன் நின்று, "தாயே, இது வெளியில் வரக் கூடாது" என்றும் செபித்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

சில கிழமைகள் கழித்து அதே தாதி கடிதத்தோடு வீட்டுக்கு வந்தார். மச்சாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"திரேசா அம்மா, பயப்பிட வேண்டாம். நீங்கள் தந்ததில கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கு. அதால புற்றுநோய் எண்டு அர்த்தமில்லை. எங்கயிருந்து வருது எண்டு பாக்கோணும்."

மச்சாள் துருவலை வைத்துவிட்டுச் சிரித்தார். "நான் ஒண்டும் தரேல்லையே, மிஸ்!"

தாதி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு, இன்றுவரை என்னால் மறக்க முடியாத ஒன்றைச் சொன்னேன். "மச்சாள் மறந்திட்டா போல."

"எனக்கென்ன மறதி வருத்தமோ?" மச்சாளின் முகம் சுருங்கிவிட்டது. கடிதத்தை அவர் தொடவே இல்லை.

அன்று பின்னேரத்துக்குள் எங்கள் தெரு முழுக்க இதே கதை. கொடுக்காத மலத்தில் இரத்தம் கண்டுபிடித்தார்களாம். பேதுரு அண்ணைக்கும் அப்படி ஒரு கடிதம் வந்திருந்தது. அவர் அதை எண்ணெய்ப் பேணிக்கு அடியில் வைத்துவிட்டார்.

"இல்லாத மலத்திலயே இரத்தம் கண்டவங்கள், என்ர மலத்தில என்னத்தைக் காண மாட்டாங்கள்?" என்று எல்லோருக்கும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

அந்த இரத்தம் யாருடையது என்று எனக்கு மட்டும் தெரியும். ஆனாலும் நான் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தேன். போத்தல் மாறியிருக்கலாம். இயந்திரம் பிழை விட்டிருக்கலாம். மாதவிடாய் நாளோ என்று கலண்டரைப் பார்த்தேன். இல்லை. பொய் சொன்னதற்குத் தண்டனையோ? சின்னவளுக்குத் தலை வாரும்போது பாதியில் நிறுத்திவிடுவேன். இவளுக்குப் பதினான்கு வயதாகும்போது யார் தலை வாருவார்கள் என்று நினைப்பேன். ஆனாலும் வாய் திறக்கவில்லை. திறந்தால் மச்சாள் என்னை மன்னிப்பாரா? அன்ரன் என்ன சொல்வார்? ஒரு கிழமை அப்படியே போனது.

நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்தில் அன்பியச் செபம் பேதுரு அண்ணை வீட்டில் நடந்தது. செபத்தின் நடுவில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் எழும்பிப் போய் வந்தார். அவருடைய மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்றாட்டு நேரத்தில் திரேசா மச்சாள் கைகூப்பிச் சத்தமாகச் சொன்னார்.

"எங்களை ஏமாத்திறவையின்ர மனசை மாத்தும், ஆண்டவரே."

எல்லோரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். என் வாயும் அதைச் சொன்னது. எனக்கு எதிராக நானே மன்றாடுகிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. அடுத்த மன்றாட்டைச் சொல்ல ஒருவர் தொடங்கினார். நான் குறுக்கிட்டேன்.

"ஏமாத்தினது நான்தான்" என்றேன். "மச்சாளின்ர போத்திலில என்ர மலத்தை வைச்சுக் குடுத்தனான். அவை பொய் சொல்லேல்லை. பேதுரு அண்ணை, உங்கட கடிதம் சரியா இருக்கும். தயவு செய்து போங்கோ."

பின்னால் இருந்த யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். "செயலாளர் செய்த வேலையைப் பாருங்கோவன்" என்று ஒரு குரல் வந்தது. நான் மச்சாளைத்தான் பார்த்தேன். கோபப்படுவார், எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப... இரத்தம் போறது உனக்கோ, பிள்ளை?"

நான் அங்கேயே அழுதேன்.

அடுத்த நாள் விடிந்ததும் மச்சாளே என் கையைப் பிடித்துத் தாதியிடம் கூட்டிப்போனார். தாதி ஏசவில்லை. "இதை முதலே சொல்லியிருக்கலாம், தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். என்னை வைத்தியரிடம் அனுப்பிவிட்டு, மச்சாளுக்குப் புதிய போத்தல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வைத்தியர் முதலில் கேட்டது என் குடும்பத்தைப் பற்றி. அப்பாவின் மூலத்தைப் பற்றிச் சொன்னேன்.

"மூலம் எண்டு ஆர் பாத்துச் சொன்னது?" என்று கேட்டார்.

ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் சொன்னார்கள், அவ்வளவுதான்.

பெருங்குடலுக்குள் கமராக் குழாய் விட்டுப் பார்க்க நாள் தந்தார்கள். அதற்கு முதல் நாள் ஒரு மருந்துத் தண்ணீரைக் குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். அதுதான் கடினம். அன்று முழுக்க மலசலகூடமும் நானும்தான். கதவுக்கு வெளியே கதிரை போட்டிருந்து மச்சாள் செபமாலை சொன்னார். இடையிடையே, "இப்ப போத்தில் நிறைஞ்சிருக்குமே!" என்று பகிடி விட்டார். மறுநாள் மயக்க மருந்து தந்தார்கள். வலி தெரியவில்லை. நான் பயந்ததுபோல வயிற்றை வெட்டவில்லை. உள்ளே ஒரு தசை வளர்ச்சி இருந்தது. அந்தக் குழாய் வழியாகவே அதை எடுத்துவிட்டார்கள்.

ஆய்வுகூட முடிவுக்குக் காத்திருந்த நாட்கள்தான் என் வாழ்வில் நீளமான நாட்கள். முடிவு வந்ததும் அது என்னுடையதுதானா என்று மூன்று தரம் கேட்டேன். அடையாள அட்டை இலக்கத்தை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தேன். போத்தல் மாற்றியவளுக்குத்தானே அந்தச் சந்தேகம் வரும். வைத்தியர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இன்னும் புற்றுநோய் ஆகவில்லை. ஆனால் மாறத் தொடங்கியிருந்தது. ஐம்பது வயதுவரை காத்திருந்தால் வேறு கதை. இரத்தம் கண்டால் வயது பார்க்காமல் வர வேண்டும் என்றார். அப்பாவுக்கும் மூலமல்ல, இதுவே இருந்திருக்கலாம் என்று என் தம்பியையும் கூட்டிவரச் சொன்னார். அவனும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். நான் இனிக் குறித்த காலத்துக்கு ஒருமுறை போக வேண்டும். போவேன்.

பேதுரு அண்ணையும் அந்தக் கடிதத்தைப் பேணிக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு நடந்தது அவருடைய சாட்சி. அதை அவரே சொல்லட்டும். மச்சாளின் உண்மையான போத்தலில் ஒன்றும் இல்லை. அவர் அந்த முடிவைச் செபப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்.

நான் பலமுறை யோசித்தேன். "இது வெளியில் வரக் கூடாது" என்று நான் கேட்டதை ஆண்டவர் தரவில்லை. அதைத் தந்திருந்தால், "பிள்ளைகள் வளருமட்டும் என்னை வைத்திரும்" என்று வருடக்கணக்கில் கேட்டதைத் தந்திருக்க முடியாது. ஒன்றை மறுத்துத்தான் மற்றதைக் கேட்டருளினார். என் பொய்யை அவர் விரும்பினார் என்று நான் சொல்லவில்லை. அதற்குள்ளிருந்தும் என்னைத் தூக்க அவருக்குத் தெரிந்திருந்தது. மச்சாளின் மன்றாட்டைக் கேட்டு முதலில் மாற்றிய மனசும் என்னுடையதுதான்.

நான் இப்போதும் சந்தேகப்படுகிறவள்தான். ஒன்று மட்டும் மாறிவிட்டது. சந்தேகத்தை வீட்டுக்குள் பூட்டி வைப்பதில்லை. எழும்பிக் கேட்கிறேன். அன்ரனிடமும் எதையும் மறைப்பதில்லை. இதை வாசிக்கிறவர்களே, உங்களுக்கும் நம்பிக்கை இல்லாவிட்டால் அந்தத் தாதியிடமே போய்க் கேளுங்கள். வெட்கமாக இருந்தால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து போவோம். மூலம் என்று நீங்களாகவே தீர்மானிக்காதீர்கள். உங்கள் பெயர் ஒட்டிய போத்தலை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். செபியுங்கள். செபித்துவிட்டு எழும்பிப் போங்கள்.

இந்த மாதம் சுருவம் மறுபடி எங்கள் வீட்டில் இருக்கிறது. மச்சாளுக்குப் புதிய போத்தலும் வந்திருக்கிறது. இன்று காலை அதை எடுத்துக்கொண்டு அவர் சுருவத்தைத் தாண்டிப் பின்பக்கம் போனார்.

"மாதா இருக்கிறா, மச்சாள்" என்றேன் பகிடியாக.

"இருக்கட்டும். அவவும் பிள்ளை பெத்து வளர்த்த மனிசிதானே. உதெல்லாம் அவவுக்குத் தெரியும்" என்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். "நான் வருமட்டும் நீ உதிலயே நில். இந்த முறை நானே போடுறன்."