வார்த்தை வைக்காத அழுகை

இப்போதெல்லாம் படத்தில் பிணம் விழுந்தால் ஒரு பெண் குரல் சொல்லே இல்லாமல் இழுத்து இழுத்து அழுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் ஆகா என்கிறார்கள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

பேசாத படங்கள் ஓடிய காலத்தில், ஆம்பூரில் பாலாற்று மணலை ஒட்டிய கூடாரக் கொட்டகையில் நான் ஆர்மோனியம் வாசித்தேன். படம் விழும் துணிக்குப் பின்னால்தான் இடம். முன்னால் உட்கார்ந்தால் தலை மறைக்கிறது என்று ஜனங்கள் மணலை வாரி அடிப்பார்கள். பின்னாலிருந்து பார்த்தால் படம் இடம் வலம் மாறித் தெரியும். பழகிப்போனதில் அதுவும் எனக்கு மறந்துவிட்டது.

கொட்டகை முதலாளி தோல் வியாபாரி. சாவுக் காட்சிக்கு என் பெட்டி போதவில்லை என்று அவருக்குக் குறை. "இன்னா வாத்தியாரே, அங்க பொணம் விழுது, நீ கல்யாணத்துக்கு வாசிக்கிறியே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே ஒப்பாரி வைக்கிற பெண் ஒருத்தியைக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். பகலில் தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து மயிர் சீவுகிறவள். அவளுக்கு முன்னால் அவளுடைய சுண்ணாம்பு வாடை வந்து சேர்ந்தது.

வந்ததும் ஒரு கண்டிஷன் போட்டாள். "ராகம் இழுக்கிறேன் வாத்தியாரே. வார்த்த மட்டும் வெக்க மாட்டேன். வார்த்த வெச்சா அது ஒரு ஆளப் போய்ச் சேந்துடும். எங்கூட்டுக்காரரு ரங்கூனு போய் சேதியே இல்ல. வாய் தவறி 'என் ராசா'ன்னுட்டேன்னா?"

நான் ஒரே கட்டையை அழுத்திக்கொண்டிருப்பேன். அவள் 'ஏ...' என்று ஆரம்பிப்பாள். சாவு வீட்டு ஒப்பாரியில் அண்ணன், அத்தான் என்று ஒரு முறை இருக்கும். நம் வீட்டுச் சாவு இல்லை என்று கேட்கிறவன் தேறிக்கொள்ளலாம். இதில் அந்த வழி கிடையாது. கொட்டகையில் ஒவ்வொருத்தரும் தங்கள் வீடு இருக்கும் திக்கைத் திரும்பிப் பார்ப்பார்கள். வெளியே நாய்கள் எழுந்து நிற்கும். பொய் சொல்வானேன், எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

துணியில் வருகிறவர்கள் எல்லாரும் செத்தவர்கள் என்று அவள் நம்பினாள். "வாய் அசையுது, சத்தம் வரல பாத்தியா? உசிரோட இருக்கறவனுக்குக் கொரல் இருக்கும்." மெஷின், வெளிச்சம், பிலிம் என்று தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தேன். "நீ சொல்லிக்கோ" என்றுவிட்டாள்.

ஒருநாள் முதல் ஆட்டத்தில், கதைக்கு முன்னால் ஒரு துண்டுப் படம் போட்டார்கள். துறைமுகத்தில் கூலிகள் மூட்டை இறக்குகிறார்கள். அதில் அவளுக்கு வேலை இல்லை, வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். ஒரு கூலி நின்று எங்களைப் பார்த்தான். இடது கையால் முண்டாசை மேலே தள்ளிவிட்டு ஏதோ சொன்னான்.

அவள் வெற்றிலையைத் துப்பினாள். "நொட்டாங்கை" என்றாள். "எங்கூட்டுக்காரரு நொட்டாங்கைக்காரரு."

அப்புறம் வார்த்தை வைத்தாள். ரங்கூன் கப்பல், அவன் வாங்கி வருவதாகச் சொன்ன புடவை, போகும்போது தின்ற களி, எல்லாம் அந்த ராகத்தில் வந்தது. என் பெட்டியின் விளிம்பில் அடித்து வளையலை உடைத்தாள். முன்னால் இருந்த பெண்கள் ஓடிவந்து, அவள் தோளில் கை போட்டு வட்டமாக உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். படம் பாட்டுக்கு ஓடியது. துணியைத் தாண்டி வந்த வெளிச்சத்தில், கூலிகள் அவர்கள் முகத்தின் மேல் நடந்து போனார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அட நிறுத்துமா! இந்தப் பக்கம் பாத்தா எல்லாம் மாறித்தான் தெரியும். அவன் தள்ளனது சோத்தாங்கை!"

அவளை முன்னால் கூட்டிப் போகச் சொல்லி, மெஷின்காரனிடம் கத்தி, அந்தத் துண்டை மறுபடி ஓட்ட வைத்தேன். கூலி வந்தான். வலது கைதான். "அய்யோ, இவரு இல்ல!" என்று சிரித்தாள். மணிக்கட்டெல்லாம் ரத்தம்.

காலையில் முதல் காரியமாகப் புது வளையல் போட்டுக்கொண்டாள். "உசிரோடதான் இருக்காரு, நான்தான் மாத்திப் பாத்துட்டேன்" என்று ஷாப்பு முழுக்கச் சொன்னாளாம். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

சாயங்காலம் வந்தாள். கதையில் பிள்ளை செத்தது. நான் கட்டையை அழுத்தினேன். 'ஏ...' என்று ஆரம்பித்தாள். அடுத்த மூச்சில் ரங்கூன் கப்பல் வந்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்து மறுபடி இழுத்தாள். புடவை வந்தது. தானாக வருகிறது, அவளால் நிறுத்த முடியவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"இன்னா பண்றா அவ? அழச் சொல்லு!" என்று முன்னாலிருந்து முதலாளி கத்தினார்.

அவள் முந்தானையை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு எழுந்தாள். பெட்டியை விட்டுவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன். கொட்டகையைத் தாண்டி மணலுக்கு வந்த பிறகுதான் வாயிலிருந்து துணியை எடுத்தாள்.

"என்ன விட்டுடு வாத்தியாரே. இனிமே நான் வாயத் தொறந்தா அவர சாவடிச்சிடுவேன்."