ஒடுங்கின கடலில் அழகம்மாவின் இடம்

சங்குப்பிட்டியில் கடல் ஒடுங்கிப்போய்க் கிடக்கும். இந்தக் கரை பூநகரிப் பக்கம், அந்தக் கரை கேரதீவு. மேற்கே பார்த்தாலும் கிழக்கே பார்த்தாலும் கண் எட்டாத தண்ணீர். நடுவில் இந்த ஓரிடத்தில் மட்டும் இரண்டு கரையும் ஒன்றையொன்று கூப்பிட்டுக் கதைக்கலாம் போல நெருங்கி நிற்கும். இப்ப மேலால பாலம் போகுது. பஸ்ஸில் போறவை கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவினம், கீழே என்ன இருக்கென்று ஆரும் எட்டிப் பார்க்கிறதில்லை.

ஆனால் வன்னியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குள் போக ஆசைப்பட்டவனுக்கு ஆனையிறவை விட்டால் இதுதான் வாசல். பறங்கி வந்து பூநகரியில் கோட்டை கட்டினான். ஒல்லாந்தன் அதைப் பெருப்பித்தான். எங்கட காலத்துச் சண்டையிலும் இந்தத் துண்டுக் கரைக்காக எத்தனை பேர் செத்தார்கள். ஆளும் படையும் ஆனையிறவால் சுற்றிப் போகலாம். இறாலுக்கு அந்த வசதி இல்லை. அது நீரேரியில் வளர்ந்து மேற்கே பெருங்கடலுக்குப் போகவேணும் என்றால் இந்த ஒடுக்கத்துக்குள்ளாலதான் போகவேணும். அழகம்மாவின் கதை அந்த இறாலோடதான் சேர்ந்தது.

அழகம்மா கடற்கரையில் பிறந்தவள் இல்லை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்த குடும்பம். தகப்பன் அக்கராயன் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார். அப்ப அவளுக்கு ஏழு வயது. பதின்மூன்று வயதில் சங்குப்பிட்டித் துறைக்குத் தேத்தண்ணி விற்க வந்தாள். அந்த நாளில் பாலம் இல்லை. லொறியையும் பஸ்ஸையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற பெரிய மிதவை ஒன்று ஓடியது. அதைத்தான் எங்கட சனம் பாதை என்று சொல்லும். பாதை அந்தக் கரையில் நின்றால் இந்தக் கரையில் எல்லாரும் காத்துக் கிடக்கவேணும். அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தரும் காத்துக் கிடப்பார், கலியாண மாப்பிள்ளையும் காத்துக் கிடப்பான். ஒருமுறை ஒரு பிரேதமும் கிடந்தது. அவள் எல்லாருக்கும் ஒரே கேத்திலில் இருந்துதான் ஊற்றினாள். துறையில் நிற்கேக்கை ஆரும் பெரிய ஆள் இல்லை என்று அப்பவே கண்டுகொண்டாள்.

அங்கேதான் வீரகத்தியைக் கண்டது. அவன் அந்த ஒடுக்கத்தில் வலை கட்டுகிறவன். தாகம் இல்லாவிட்டாலும் ஒரு நாளைக்கு மூன்று தேத்தண்ணி குடிப்பான். பிறகு அவள் கையாலேயே நாற்பது வருசம் குடித்தான். சண்டையில் ஓடினதும் திரும்பி வந்ததும் இங்கே எல்லா வீட்டிலும் உள்ளது, அதை நான் விரிக்கவில்லை. திரும்பி வந்த பிறகு பதினாலு மாரிகாலம், புருசனும் பெண்சாதியும் சேர்ந்துதான் சிறகுவலை கட்டினார்கள். கடலில் கம்பு நட்டு, இரண்டு சிறகு விரிக்கிற மாதிரி வலையை இழுத்து, நடுவில் வாயும் பின்னால் கூடும் வைக்கிற வலை அது. ஓடுகிற தண்ணீருக்கு வாய் நேராக நிற்கவேணும். தண்ணீர் தள்ளிக்கொண்டு வருகிற இறால் கூட்டுக்குள் போய் நிறையும்.

போன ஆடியில் வீரகத்தி நெஞ்சு நோவு என்று படுத்தான், எழும்பவில்லை. ஒரே மகள் சுதாஜினி, கிளிநொச்சியில் உடுப்புத் தைக்கிற வேலைக்குப் போறவள். ஆண் பிள்ளை இல்லை.

புரட்டாதியில் மீனவர் சங்கத்துத் தகரக் கொட்டிலில் கூட்டம் வைத்தார்கள். ஒடுக்கத்தில் இடம் கொஞ்சம், ஆள் கூட. அதனால் யார் எங்கே வலை கட்டுறது என்று ஒவ்வொரு மாரிக்கு முன்னமும் சங்கம்தான் சொல்லும். தலைவர் குகதாசன் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. செத்த ஆளின்ரை இடம் மகனுக்கு. மகன் இல்லாட்டிச் சகோதரத்துக்கு. அதுதான் எங்கட வழக்கம்."

"பெண்சாதிக்கு இல்லை எண்டு வழக்கத்தில இருக்கோ?"

"அப்பிடி ஒருத்தரும் சொல்லேல்லை."

"அப்ப இருக்கெண்டு நான் சொல்லுறன்."

வீரகத்தியின் சித்தப்பா மகன் சிற்றம்பலம் எழும்பினான். வலைப்பாடு என்கிற ஊரில் பெருங்கடல் தொழில் செய்துபோட்டு இரண்டு வருசத்துக்கு முதல் இங்கே வந்தவன். கெட்டவன் இல்லை, அவசரக்காரன்.

"அண்ணி, இந்த வயசில ஏன் தண்ணிக்குள்ள நிண்டு விறைக்கிறியள்? வலையை நான் கட்டுறன். ஒவ்வொரு நாளும் உங்கட பங்கு வீடு தேடி வரும்."

"எனக்குப் பங்கு வேண்டாம், தம்பி. இடம்தான் வேணும்."

"ரெண்டும் ஒண்டுதானே."

"ஒண்டோ? பறங்கி இங்க வந்து மீனில பங்கு கேட்டவனோ? ஒடுக்கத்தில வந்து குந்தினவன். குந்தினவன்தான் மற்றவைக்குப் பங்கு போடுவான். நீ இண்டைக்குத் தருவாய். நாளைக்கு மறப்பாய். நாளண்டைக்கு உன்ரை மனுசி, இவவுக்கு ஏன் குடுக்கிறியள் எண்டு கேப்பாள்."

கொட்டில் சிரித்தது. பின்னால் நின்ற சிற்றம்பலத்தின் மனுசி மட்டும் சிரிக்கவில்லை. ஆரோ ஒருவன் மெதுவாக, "கொழுந்து ஆய்ஞ்ச சனத்துக்குக் கடலில என்ன கண்டறியாத பிடிப்பு" என்றான். அழகம்மாவுக்குக் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த மாரிக்கு இடம் சிற்றம்பலத்துக்கு என்று முடிவாயிற்று. செயலாளர் வினோதன் புத்தகத்தில் எழுதினான். தை மாதம் திரும்பவும் யோசிப்பம் என்றார் குகதாசன். ஒருக்கால் கைவிட்டுப் போன இடம் தையில் திரும்பாது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் சண்டைக்குப் போகவில்லை, பொலிசுக்கும் போகவில்லை. ஒவ்வொரு நாளும் காலமை போய், தன்ரை இடத்துக்கு நேரே கரையில் குந்தியிருந்தாள். போறவை வாறவை "என்ன அக்கா, காவலோ?" என்று கேட்டால் "ஓம்" என்பாள், அவ்வளவுதான்.

ஐப்பசியில் சிற்றம்பலம் கம்பு நட்டான். அண்டைக்குக் கச்சான் காற்று, மேற்கிலிருந்து. தண்ணீரும் கிழக்கு நோக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெருங்கடல் தொழிலாளி காற்றைப் பார்த்துத்தானே எதையும் செய்வான். வலையின் வாயை மேற்கே வைத்துக் கட்டினான். அந்த நாளுக்கு அது சரியும்தான்.

ஐந்தாம் நாள் மத்தியானம், சோறு வடிக்கிற நேரம், அக்கராயனில் இருந்து அவளுடைய அண்ணன் முத்துலிங்கம் போன் எடுத்தார். அவர் இன்னும் தோட்டத்துப் பேச்சுத்தான் பேசுவார்.

"தங்கச்சி, சாப்புட்டியா? இங்க முந்தாநாள்ல இருந்து விடாம மழ. கொளம் நெறஞ்சு வான் பாயுது."

"எப்ப தொடக்கம் பாயுது, அண்ணே?"

"காலையில ஆறு மணி இருக்கும்."

சங்குப்பிட்டியில் நல்ல வெயில். ஒரு துளி இல்லை. ஆனால் அழகம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். வீரகத்தி இருந்த காலத்தில் மாரிக்கு மாரி இதுதான் நடந்தது. மைத்துனர் போன் எடுத்தால் அவன் வலையைத் திருப்பிக் கட்டுவான். உள்நாட்டுக் குளங்கள் வான் பாய்ந்து, அதாவது நிரம்பி வழிந்து, அந்த வெள்ளம் ஆற்றால் இறங்கிக் கடல்நீரேரிக்குள் வந்தால், அவ்வளவு தண்ணீரும் மேற்கே போக இந்த ஒடுக்கம் ஒன்றுதான் வழி. ஒரு நாள் எடுக்கும். மற்றவர்கள் தண்ணீர் திரும்பினதைக் கண்ட பிறகு வலையைத் திருப்பலாம் என்று இருப்பினம். கண்ட பிறகு திருப்ப ஏலாது, கம்பில் கை வைக்க வெள்ளம் விடாது. வீரகத்தி முன்கூட்டியே திருப்பினதை எல்லாரும் அவனுடைய கைராசி என்று நினைத்தார்கள். அவன் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவான்.

கொண்டையை முடிந்துகொண்டு நின்றபோது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வராமல் இருக்குமோ. பேசாமல் இருந்தால் போதும். நாளைக்குச் சிற்றம்பலத்தின் வலை போகும், அவன் பெயரும் போகும், இடம் தானாகத் திரும்பி வரும். ஆனால் பிடுங்குப்படுகிற கம்பு அங்கேயே நிற்காதே. கீழே வினோதனுடைய வலை, அதுக்குக் கீழே இன்னும் ஏழு வீட்டு வலை. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

"தம்பி, வாயைக் கிழக்கால திருப்பிக் கட்டு. நாளைக் காலமை வெள்ளம் வரும்."

சிற்றம்பலம் வானத்தைப் பார்த்தான். "எங்க அண்ணி மழை?"

"அக்கராயனில."

"அக்கராயனில பெய்தால் அங்கத்தை நெல்லு நனையும். எனக்கென்ன? காத்து இன்னும் கச்சான்தான். காத்து மாறாமல் தண்ணி திரும்பாது."

"தண்ணி எல்லா நேரமும் காத்துக்குக் கேக்காது. அதுக்குப் போறதுக்கு வழி இது ஒண்டுதான்."

"சரி சரி, நீங்கள் போய்த் தேத்தண்ணி போடுங்கோ."

அவள் குகதாசனிடமும் போய்ச் சொன்னாள், வினோதனிடமும் சொன்னாள். வினோதன் பார்ப்பம் என்றான். குகதாசன் தலையைச் சொறிந்தார். நம்பவும் இல்லை, நம்பாமல் விடவும் மனம் இல்லை. பின்னேரம் தன்ரை வலையை மட்டும் திருப்பிக் கட்டினார். கண்டவர்கள் நக்கலடித்தார்கள்.

விடியக் கடல் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. கொப்பும் குழையும் பாசியும் கிழக்கிலிருந்து உருண்டு வந்தன. சிற்றம்பலத்தின் வலைக்குள் தண்ணீர் பின்பக்கத்தால் அடித்து, கூடு புரண்டு, கம்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று, எல்லாம் சேர்ந்து வினோதனின் வலையில் போய் விழுந்தது. குகதாசனின் கூட்டை இரண்டு பேர் பிடித்துத் தூக்கவேண்டியிருந்தது, அவ்வளவு இறால்.

மத்தியானம் கொட்டிலில் ஆரும் கூப்பிடாமலே கூடினார்கள். குகதாசன்தான் வாய் திறந்தார்.

"அக்கா, உங்கட அண்ணை போன் எடுத்தால் இனி எங்களுக்கும் சொல்லுவியளோ?"

"இடம் இல்லாமலே சொன்னனான். இனியும் சொல்லுவன். அதையும் இடத்தையும் ஒண்டாய் முடிச்சுப் போடாதேங்கோ. வெள்ளத்தைச் சொன்னதுக்காக நான் இடம் கேக்கேல்லை. பதினாலு மாரி அந்தத் தண்ணிக்குள்ள நிண்டனான், அதுக்காகக் கேக்கிறன்."

வலையின் சிக்கெடுத்துக்கொண்டிருந்த வினோதன் நிமிர்ந்தான். "புத்தகத்தில எழுதிப்போட்டமே."

"அதுக்குக் கீழ தாளில்லையோ?" என்றாள் அழகம்மா.

சிற்றம்பலம் நிலத்தைப் பார்த்தபடி, "எழுது" என்றான். "நான்தானே அண்ணியின்ரை சொல்லைக் கேக்கேல்லை."

வினோதன் பேனையை எடுத்தான். "வீரகத்தியின்ரை பெண்சாதி எண்டு எழுதட்டோ?"

"அழகம்மா எண்டு எழுது. பிறகும் ஆரும் சகோதரம் எண்டு வருவினம்."

வெள்ளம் அடங்கின பிறகு, சனிக்கிழமை, சுதாஜினிக்கு லீவு. தாயும் மகளும் இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பு நட்டார்கள். சிற்றம்பலத்துக்கு ஒடுக்கத்துக்கு வெளியே, மேற்கே கரையோரம் சும்மா கிடந்த இடம் ஒன்றைச் சங்கம் கொடுத்தது. அங்கே இறால் குறைவு, நண்டு பரவாயில்லை.

அந்த மாரியில் அக்கராயன் குளம் இன்னும் மூன்று முறை வான் பாய்ந்தது. மூன்று முறையும் அழகம்மா கரை நெடுக நடந்து வீடு வீடாகச் சொன்னாள். சிற்றம்பலத்தின் மனுசி இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கிறதில்லை. அந்த வீட்டிலும் படலைக்கு வெளியே நின்று, "வெள்ளம் வருது, வலையைத் திருப்பச் சொல்லு பிள்ளை" என்று சொல்லிப்போட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவாள்.