‘ப்ரூஃப்’ என்று எழுதிய சீட்டு

ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் எனக்கு ஜரிகை பார்த்து வாங்குகிற வேலை. எது அசல், எது வெறும் பூச்சு என்று கண்ணே சொல்லிவிடும். அந்தக் கண்ணோடுதான் பழைய நாணயங்களிடம் போனேன். அதிலும் விக்டோரியா ராணி காலத்து ப்ரூஃப் நாணயங்கள். புழக்கத்துக்கு விடாமல், மாதிரிக்கென்று அச்சையும் தகட்டையும் மெருகேற்றி அடித்தவை. என்னிடம் இருப்பவை மூன்றே மூன்று. மூன்றும் என் சம்பளத்தில் வாங்கியவை.

போன வருஷம் வேலூரில் நாணயக் கண்காட்சி. கணவரும் கூட வந்தார். ஒரு மேஜையில் பளபளவென்று ஒரு வெள்ளி ரூபாய். பெட்டியில் ‘ப்ரூஃப்’ என்று சீட்டு. நான் கேட்ட கேள்விக்கெல்லாம் வியாபாரி என் கணவர் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். கணவர் தலையாட்டிக்கொண்டே பர்ஸை எடுத்துவிட்டார்.

“இருங்க” என்று என் லென்ஸை வெளியே எடுத்தேன். ராணியின் கன்னத்திலும் எழுத்துகளின் மேலும் மெல்லிய கீறல்கள், எல்லாம் ஒரே பக்கமாக. எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருந்தன.

“இது ப்ரூஃப் இல்லீங்க. கை மாறித் தேஞ்ச காசு. பாலிஷ் போட்டிருக்கீங்க.”

“நகைக்கடை பஜார்ல இருக்கும்மா” என்றார் அவர். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

பெட்டியிலிருந்த சீட்டைத் தொட்டுக் காட்டினேன். “அந்தச் சீட்டை எடுங்க. எடுக்கிற வரைக்கும் இங்கதான் நிப்பேன்.”

“உங்களுக்கு விக்கல, போங்க.”

“எனக்கு வேணாம். அடுத்து வர்றவங்க ஏமாறக் கூடாது.”

கணவர் கையைப் பிடித்து இழுத்தார். “நமக்கு எதுக்கு இந்த பேஜார்? ஜல்தி வா, பஸ்ஸு போயிடும்.”

நான் நகரவில்லை. கூட்டம் சேர்ந்தது. சிரித்தவர்களில் ஒருவர் என் லென்ஸைக் கேட்டு வாங்கினார். வெகுநேரம் குனிந்து பார்த்தார். “அந்தம்மா சொல்றது கரெக்ட்டுதான்” என்றார். வியாபாரி யாரையும் பார்க்காமல் சீட்டை உருவிக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

பஸ் கண்ணமங்கலம் தாண்டியது. “அத்தினி பேர் முன்னாடி அந்தாளை நிக்க வச்சிட்டியே” என்றார் கணவர்.

“அவருதான் என்னை நிக்க வச்சாரு” என்றேன்.