பாட்டிலுக்கு ஒரு பொட்டு

போன வாரம் ஆயுத பூஜையன்று என் வீட்டு ஒயின் பாட்டில்கள் அத்தனைக்கும் சந்தனம், குங்குமம் வைக்கப்பட்டது. வைத்தது நானில்லை. என் மனைவி விசாலமும் இல்லை.

நான் ஓய்வுபெற்ற சார்பதிவாளர் என்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. புனைபெயரில் ஒயின் ப்ளாக் எழுதுகிறேன். ஆரணியில் உட்கார்ந்துகொண்டு ஒயினா என்று கேட்காதீர்கள். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, நாம் புடவை நெய்யவில்லையா? ஒயின் மகாராஷ்டிரத்திலிருந்து வந்தால் நான் எழுதக் கூடாதா?

எல்லாம் சட்டப்படிதான். வீட்டில் எத்தனை பாட்டில் வைத்திருக்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது. நான் விதிக்கு ஒரு பாட்டில் கம்மியாகவே வைத்திருப்பேன். பில் தனி ஃபைலில்.

வெளிநாட்டு ப்ளாக்குகளில் பிளாக்பெர்ரி வாசனை, பழைய தோல் பெட்டி வாசனை என்று அளப்பார்கள். பிளாக்பெர்ரியை ஆரணியில் யார் பார்த்தது? நான் எழுதுவேன் — ‘முதல் வாய் நாவல்பழம். அடுத்த வாய் தேசூர் சந்தையில் வாங்கிய பழம்புளி. முடிவில், மழை விட்டதும் சாயப்பட்டறைத் தெருவில் கிளம்புமே, அது.’ படிப்பவர்கள் மிகச் சிலர். அதில் ஒருவன் என் மகன். படிப்பது எழுத்துப் பிழை கண்டுபிடிக்க.

ருசி பார்க்கிறவன் விழுங்கக் கூடாது. வாயில் சுழற்றிவிட்டுத் துப்ப வேண்டும். அதுதான் முறை. அதற்கென்றே ஒரு பித்தளைச் சொம்பு வைத்திருக்கிறேன். “துப்பறதுக்கு எதுக்குங்க வாங்கணும்?” என்பாள் விசாலம். கேள்வி நியாயமானது.

அவள் இதற்கு அனுமதி கொடுத்தது ஒரே நிபந்தனையின் பேரில். தெருவில் ஒருவருக்குத் தெரிந்தாலும் அன்றோடு ஒயினும் இல்லை, ப்ளாக்கும் இல்லை. ‘சார் வீட்ல பாட்டில்’ என்று ஒரு வார்த்தை அவள் காதில் விழக் கூடாது.

எங்கே ஒளிப்பது? நாங்கள் வீடு வாங்கியது துரைசாமி என்ற நெசவாளரிடம். பின்கட்டு அறையில் தறி இருந்த குழி அப்படியே இருக்கிறது — தரையில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு மிதிக்கிற பள்ளம். குளிர்ச்சி, ஈரப்பதம், இருட்டு. பிரான்ஸில் இதற்காக மலையைக் குடைகிறார்கள். நான் ஈர மணலைப் பரப்பி, பாட்டில்களைப் படுக்க வைத்து, மேலே பலகை போட்டு, பாயை விரித்துவிட்டேன்.

ஆயுத பூஜையன்று காலை துரைசாமியும் அவர் மனைவி மல்லிகாவும் பூ, பழம், விளக்கோடு வந்து நின்றார்கள்.

“பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம் சார். மொகூர்த்தப் பொடவய புது வீட்டுத் தறியில நாங்களே போடறோம். அதுக்கு மின்னே பழைய குழியில வெளக்கு வெக்கணும். எங்க வழக்கம்” என்றார் துரைசாமி.

கிரயப் பத்திரத்தில் விற்றவருக்கு விளக்கேற்றும் பாத்தியதை எதுவும் இல்லை. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் விசாலம், “அதுக்கென்னம்மா, தாராளமா வாங்க” என்றுவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்குக் குழி ஞாபகம் வந்தது. முகத்தில் தெரிந்தது.

நான் பின்கட்டுக்கு ஓடுவதற்குள் துரைசாமி பலகையைத் தூக்கியிருந்தார். சொந்தக் குழி போல!

உள்ளே வரிசையாக... குழந்தைகள் மாதிரி தூங்கிக்கொண்டிருந்தன.

“இன்னா சார் இது, பாட்டில படுக்க வெச்சிகினு கீறீங்க?” என்றாள் மல்லிகா.

“திராட்சை ரசம்மா. ருசி பார்த்து... எழுதறேன்.”

பொய்யில்லையே? துரைசாமி குனிந்து ஒரு லேபிளைப் படித்தார். நிமிர்ந்தார். பிறகு உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாலம் முந்திக்கொண்டாள். “அவரோட தொழில் சாமான்மா. ரிட்டயர் ஆனப்புறம் இதுதான் அவருக்குத் தொழில்.”

மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். ஆனால், ஆயுத பூஜையன்று ஒரு நெசவாளர் வீட்டுப் பெண்ணிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், ‘தொழில் சாமான்’ என்று மட்டும் சொல்லக் கூடாது.

“தொழில் சாமானா? அத்தப் போய் பொட்டில்லாம வெச்சிருக்கீங்களே!”

மல்லிகா குழிக்குள் இறங்கிவிட்டாள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் சந்தனம், குங்குமம். கார்க் திருகிக்கு ஒன்று. கண்ணாடிக் கோப்பைக்கு ஒன்று. துப்புகிற சொம்புக்கும் ஒன்று! நடுவில் விளக்கு. பொரி, கடலை. கற்பூரத்தை நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வேறு வழி?

அவர்கள் போனதும், “முடிஞ்சது. நாளைக்கு எல்லாத்தையும் காலி பண்ணிடுங்க” என்றாள் விசாலம். அன்றிரவு ப்ளாக்கில் போட ஒரு விடைபெறும் கட்டுரை எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது.

மறுநாள் விஜயதசமி. காபிகூடக் குடிக்கவில்லை, தம்பதி மறுபடி வாசலில்.

“வெளக்க எடுத்தும்போய் தறியில வெக்கணும். அதுக்கு மின்னே நீங்க தொழில ஆரம்பிங்க சார். ஒரே குழியில வெச்ச பூசை. உங்க சாமான சும்மா வுட்டுட்டு நாங்க மட்டும் வெளக்க எடுக்கக் கூடாது” என்றாள் மல்லிகா.

“வெறும் வயித்துலயா?”

“நல்ல நேரம் போய்கினு கீது சார், ஜல்தி!”

ஒரு பெண்ணின் முகூர்த்தப் புடவை என் தொண்டையை நம்பி நிற்கிறது. நான் விசாலத்தைப் பார்த்தேன். விசாலம் சுவரைப் பார்த்தாள்.

பாட்டிலைத் திறந்தேன். ஊற்றினேன். முகர்ந்தேன். ஒரு வாய் எடுத்துச் சுழற்றி, வழக்கப்படி சொம்பை நோக்கிக் குனிந்தேன்.

“ஐயையோ! சாமிக்கு வெச்சத துப்பறாரு பாருங்க!” என்று அலறினாள் மல்லிகா.

விழுங்கினேன். “முழுசா” என்றாள். கோப்பையில் இருந்ததும் போயிற்று.

மல்லிகாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. விளக்கை முந்தானையால் காற்று படாமல் மறைத்து எடுத்துக்கொண்டு, “ஆரம்பிச்ச தொழில பாதியில வுட்டுடாதீங்க சார். பொண்ணு கல்யாணம் முடியற வரிக்கும் தெனம் நடக்கணும்” என்றாள்.

தினமும்! இதைவிடத் தெளிவான அரசாணையை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

அவர்கள் அறையை விட்டுப் போனதும் விசாலத்தின் தீர்ப்பைக் கேட்க நான் திரும்பினேன். அவள் பெருமூச்சு விட்டாள். “தெருவுக்குத் தெரிஞ்சா நிறுத்தணும்னுதானே பேச்சு? அவங்களுக்குத் தெரிஞ்சது தொழில்தான், பாட்டில் இல்ல. நடுவுல நிறுத்தி, கல்யாணத்துல ஏதாவது ஒண்ணுன்னா அந்தப் பழி எனக்கு வேணாம். ஆனா சாமிக்கு வெச்சத இனிமே துப்ப வேணாம், அந்தச் சொம்பை எடுத்து உள்ள வையுங்க.”

விடைபெறும் கட்டுரையை அழித்தேன். புதிதாக எழுதினேன் — ‘முதல் வாய் நாவல். முடிவில் லேசாகக் கற்பூரம்.’

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அன்று காலை மல்லிகாவோடு வாசல்வரை போன துரைசாமி, செருப்பை மறந்தவர் போல் திரும்பி வந்தார். செருப்பு காலில்தான் இருந்தது.

“சார்... தொழிலுக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க.”

விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது.