கடதாசிப் பைப் பயிற்சி

செங்கலடியில் இராணுவச் சோதனைக்காக பஸ் நிற்கிறது. இறங்கி நிற்கிறோம். பக்கத்து மைதானத்தில் மீன்காரர் முதல் தபால்காரர் வரை ஊரே ஓடுகிறது. இத்தனை பேர் ஓடுகிற நாட்டுக்குப் பதக்கம் மட்டும் ஏன் வருவதில்லை என்று நான் பெரிய யோசனையில் இருக்கும்போது 'படார்' என்கிறது. அடுத்த கணம் புழுதியில் குப்புறக் கிடக்கிறேன். பஸ்ஸில் வந்த வேறு எவரும் இந்த வேகத்தைக் காட்டவில்லை. பக்கத்தில், எல்லாருக்கும் முன்னால் ஓடிவந்த இளைஞனும் கிடக்கிறான்.

"பயப்பிடாதீங்க ஐயா, கூட்டாளி ஊதி உடைச்ச கடதாசிப் பைதான். கொழும்பில தேர்வோட்டத்துக்குத் துவக்கு வெடிச்சதும் மத்தவங்க ஓடினாங்க, நான் படுத்திட்டன். வாற ஞாயிறு கடைசித் தேர்வு. அதுக்குள்ள சத்தத்துக்குப் படுக்காம நிண்டு பழகோணும்."

நான் எழ முயல்கிறேன். அவன் தூசியைத் தட்டிக்கொண்டு ஓட்டம் தொடங்கும் கோட்டுக்குப் போகிறான்.

"நீங்க எழும்பாதீங்க ஐயா. இன்னும் அஞ்சு பை கிடக்கு."