கிறுகிப் போன அம்புகள்

“...கொக்குதானே சேர் மீனத் தேடிப் போற? மறுகா, அம்பு ஏன் கொக்கப் பாத்துக் கிடக்கு? எனக்கு இண்டைக்கும் விளங்கல்ல.”

மண்டூருக்குப் போகும் பாதைக்காக வாவிக்கரையில் நின்றபோது தவமலர் இப்படிக் கேட்டாள். வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். தவமலர் முன்பு என்னிடம் படித்தவள். இப்போது முப்பதைத் தாண்டிவிட்டாள். பக்கத்தில் மகள், கையில் மகளின் கொப்பி. உணவுச் சங்கிலிப் படத்தில் அம்புகள் எல்லாவற்றுக்கும் சிவப்புப் பிழை. கொப்பியை வாங்கியதும் அதில் இல்லாத இறால் மணம் எனக்கு அடித்தது.

அந்த மணம் தவமலரின் பழைய கொப்பியுடையது. அப்போது நான் பயிற்சி இல்லாத தொண்டர் ஆசிரியன். அவளுடைய தாய் வீட்டில் இறால் கோது உடைப்பாள்; பக்கத்தில் இருந்துதான் பிள்ளை பாடம் எழுதும். “இந்தக் கொப்பியத் தாளிச்சா ஒரு கறியாகும்” என்று நான் பகிடி விட, வகுப்பு சிரிக்கும். அவளும் சிரிப்பாள். என்னைப் பெரிய பகிடிக்காரன் என்று நினைத்திருந்த வயது.

நான் வட்டைப் பக்கத்தான், வயல்காரன். நெல்லை எலி தின்னும், எலியைப் பாம்பு தின்னும். அதற்கு மேல் என் உலகத்தில் ஒன்றுமில்லை. நானறிந்த இறால் சட்டிக்குள் கிடந்தது. உயிரோடிருக்கையில் அது என்ன தின்றது என்று நான் ஏன் கேட்கப் போகிறேன்?

மூன்றாம் வகுப்புக்கு, ஊரில் கண்ட உணவுச் சங்கிலி ஒன்றை வரையக் கொடுத்தேன். எல்லோரும் புத்தகத்துப் புல்லையும் வெட்டுக்கிளியையும் வரைந்தார்கள். தவமலர் மட்டும் கண்டல் இலை, இறால், கெளிற்று மீன், முதலை என்று எழுதியிருந்தாள்.

“இறால் இலையா தின்னும்?” என்றேன்.

“பச்சை இலை இல்ல சேர். விழுந்து அழுகி, சேறாப் போன இலை. காலால கிண்டினா இறால் துள்ளும், வந்து பாருங்க.”

பள்ளிக்குப் பின்னாலேயே கண்டல் மரங்கள் தண்ணீருக்குள் வேரூன்றி நின்றன. நான் போகவில்லை. சப்பாத்தில் சேறு படுமே.

அவள் போட்ட அம்புகள் எல்லாம் கிறுகி, எதிர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தன. முதலையிலிருந்து கெளிற்றுக்கு, கெளிற்றிலிருந்து இறாலுக்கு. முட்டை போட்டேன்.

“முதலைதானே சேர் போய்ப் பிடிக்கிற? கெளிறு தானா நடந்து போய் அதுட வாயுக்க விழுமா?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அம்பு ஏன் அப்படி என்று எனக்கே தெரியாது. “புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்கு. வாய் காட்டாம இரி” என்று, கொப்பியைத் தூக்கி முட்டையை எல்லோருக்கும் காட்டினேன்.

அந்த வருசம் முழுக்க அவள் கை உயரவில்லை. கேட்டால் எழுந்து நிற்பாள், பேசமாட்டாள். பதில் தெரிந்த பிள்ளையை அப்படி நிற்க வைத்துப் பாடம் நடத்துவது, பாருங்கள், தொண்டையில் முள்ளோடு சோறு விழுங்குவது மாதிரி.

பிறகு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில்தான் அம்பின் காரணத்தை அறிந்தேன். ஊருக்கு வந்து அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் பள்ளி மாறிவிட்டாள் என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாட்டு.

இப்போது சொன்னேன். “ஆர் நடந்து போற எண்டு அம்பு காட்டல்ல புள்ள. சாப்பாடு எந்த வயித்துக்குப் போகுது எண்டு காட்டுது.”

அவள் கொப்பியை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்தாள். “இவ்வளவுதானா? அப்ப எனக்குப் போட்ட முட்டை?”

“அது எனக்கு விழ வேண்டிய முட்டை. நீ எழுதின இலையும் சரி, இறாலும் சரி.”

“அது எனக்குத் தெரியும் சேர்.”

மகளைப் பக்கத்தில் இழுத்து, என் முன்னாலேயே, கரையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்: “கண்டல் இலைய இறால் தின்னும், இறாலக் கெளிறு தின்னும், கெளிற முதலை தின்னும்.”

“கண்டல் எண்டா என்னம்மா?” என்றது பிள்ளை.

ஒன்றைக் காட்டலாமென்று தவமலர் கிறுகினாள். கரையில் சீமெந்துக் கட்டும், உட்கார இரண்டு வாங்குகளும்தான் இருந்தன. பழைய பள்ளிக்குப் பின்னாலும் இப்போது ஒரு மரமில்லை. என் சட்டைப் பையிலிருந்த பேனையைக் கேட்காமலே உருவி, மகளின் உள்ளங்கையை விரித்து, ஓர் இலை வரையத் தொடங்கினாள்.